பிள்ளையை நூலகத்துக்கு அழைத்துப் போவது எப்படி

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சைக்கிளைத் துடைக்க உட்கார்ந்தால், தாழ்வாரத்து ஆணியில் தொங்கும் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு நான் வாசலுக்கு ஓடுவேன். மன்னார்குடியில் 1974இல், எனக்கு 7 வயதில் தொடங்கிய பழக்கம் அது. அரிசி ஆலையில் கணக்கு எழுதிய அப்பாவுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. அந்த ஓய்வு நாளின் முதல் வேலையாக நூலகத்தை வைத்திருந்தார்.

இப்போது எனக்கு 58. திருச்சியில் மகள் வீட்டில் இருக்கிறேன். இரண்டு வருஷமாகப் பேத்தியைப் பக்கத்துக் கிளை நூலகத்துக்கு அழைத்துப் போகிறேன். அவளுக்கு 8 வயது. மாடிப்படியில் உட்கார்ந்து அவள் புத்தகம் படிப்பதைப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா படிக்க வெச்சீங்க?" என்று தெருவில் கேட்கிறார்கள். படிப்பைப் பற்றி நான் அவளிடம் பேசுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நூலகம் போகிறோம், அவ்வளவுதான். போய் வருகிற பழக்கத்தை ஊன்றிவிட்டால் வாசிப்பு அதன் பின்னாலேயே வருகிறது. எனக்கு அப்படித்தான் வந்தது. அதனால் இங்கே எழுதியிருப்பதெல்லாம் பெரும்பாலும் போவதைப் பற்றித்தான்.

முதல் தடவை பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். நீங்கள் மட்டும் ஒரு நாள் போய்ப் பாருங்கள். எந்த நாள் விடுமுறை, எந்த நேரம் திறந்திருக்கும் என்று வாசல் பலகையில் எழுதியிருப்பார்கள். எங்கள் கிளைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். நடுவில் பூட்டியிருக்கும். ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்றால் நேரம் இன்னும் குறைவு. பிள்ளை ஆசையாக வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், அடுத்த வாரம் அதைக் கிளப்புவது பெரும்பாடு.

காலையில் பேப்பர் படிக்கும் பெரியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்திருப்பார்கள். எந்த நேரத்தில் கூட்டம் குறைகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருக்கிறதா, கழிவறை திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது முக்கியம்.

அப்புறம் சிறுவர் நூல்கள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். எங்கள் கிளையில் அவை பெரியவர்களுக்கே கை எட்டாத மேல் தட்டில் இருந்தன. சில கட்டுகள் பிரிக்கப்படாமலே கிடந்தன. நூலகர் அம்மாவிடம், "பேத்தியைக் கூட்டிட்டு வரப்போறேன். அவ கைக்கு எட்டுற மாதிரி கீழ்த்தட்டுல கொஞ்சம் வெச்சா நல்லா இருக்கும்" என்று சொன்னேன். அவர் எடுத்துக் கொடுக்க நான் அடுக்க, பத்து நிமிஷத்தில் கீழே இரண்டு தட்டு நிறைந்துவிட்டது. இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நூலகருக்கு உங்களையும் பிள்ளையையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். பிள்ளை உள்ளே நுழையும்போது "வாம்மா" என்று ஒரு குரல் வந்தால் பாதி வேலை முடிந்தது.

உறுப்பினர் அட்டையைப் பிள்ளையின் பெயரிலேயே வாங்குங்கள். வைப்புத்தொகை, ஆண்டுச் சந்தா இரண்டும் சிறிய தொகைதான். எவ்வளவு, என்னென்ன தாள் வேண்டும் என்பதை நூலகரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களிடம் புகைப்படமும் ஆதார் நகலும் கேட்டார்கள். உங்கள் அட்டையிலேயே பிள்ளைக்கும் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். தன் பெயர் எழுதிய அட்டையை முதல்முதலாகக் கையில் வாங்கியபோது நான் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன். பேத்தி தன் அட்டையைப் பென்சில் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

பணம் கட்டும் நாளில் நான் இன்னொன்றும் செய்தேன். வீட்டு வரி ரசீதை எடுத்து அவளிடம் காட்டினேன். நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்த சட்டம். நூலக வரியை விடாமல் வலியுறுத்தியவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். "அப்ப இது நம்ம நூலகமா அம்மாச்சி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து கதவைத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போகிறாள்.

கிழமையையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். நேரம் கிடைக்கும்போது போகலாம் என்று வைத்தால் போகவே மாட்டீர்கள். எங்களுக்கு ஞாயிறு காலை. வீட்டில் விருந்தாளி இருந்தாலும் அரை மணி நேரத்துக்காவது போய் வருவோம். முடிந்தால் நடந்தோ சைக்கிளிலோ போங்கள். வழியும் இதில் சேர்த்திதான். சைக்கிளின் முன் கம்பியில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்கார வைத்து, ராஜகோபாலசுவாமி கோயில் மதிலை ஒட்டி அப்பா மிதிப்பார். "மன்னார்குடி மதில் அழகு" என்று ஊரார் சொல்வதை அந்த மதிலைத் தொட்டுக்கொண்டுதான் கேட்டேன். மாட்டு வண்டி நூலகக் கதையும் அந்த வழியில் சொன்னதுதான். 1931இல் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை முயற்சி எடுத்து, வண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். புத்தகம் ஆளைத் தேடி வந்த காலம் ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. எதிரே மாட்டு வண்டி வரும்போதெல்லாம் அதில் புத்தகம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். பிள்ளையோடு நடக்கும்போது உங்கள் ஊர்க் கதை எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

திரும்பும்போது ஒரு பொட்டலம் அவித்த கடலை. அது அப்பாவின் வழக்கம், நானும் விடவில்லை. புத்தகத்தைப் பையில் வைத்த பிறகுதான் கடலையைப் பிரிக்க வேண்டும்.

முதல் நாள் இருபது நிமிஷம் போதும். உட்கார வைத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். தட்டுத் தட்டாகப் பார்க்கட்டும், எடுக்கட்டும், வைக்கட்டும். அலுப்பு வருவதற்கு முன்னால் கிளம்பிவிடுங்கள்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரியவர்கள் கெடுக்கிறோம். இது சின்னப் பிள்ளை புத்தகம், இது படம்தானே, போன வாரம் எடுத்ததுதானே, பொது அறிவு எடு என்று ஆளுக்கொன்று சொல்கிறோம். அப்பா ஒரு விதி வைத்திருந்தார். என் அட்டையில் நான் எடுப்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். தன் அட்டையில் எனக்காக ஒரு புத்தகம் எடுப்பார். அதை நான் படிக்கலாம், படிக்காமலும் திருப்பலாம். ஏன் படிக்கவில்லை என்று கேட்டதே கிடையாது. அவர் எடுத்தவற்றில் பாதியைத் திறக்காமல் திருப்பியிருப்பேன். மற்றப் பாதியில்தான் காடு, கடல், நட்சத்திரம், தூர தேசம் எல்லாம் எனக்கு வந்து சேர்ந்தன. பேத்தி டைனோசர் புத்தகம் ஒன்றை ஐந்து வாரம் தொடர்ந்து எடுத்தாள். புதுப்பித்துப் புதுப்பித்து எடுத்தாள். மகளுக்குக் கவலை. எனக்கு இல்லை. ஐந்தாவது வாரம் அதில் வரும் பெயர்களை எழுத்துக்கூட்டாமல் படித்தாள்.

ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் இரண்டை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அந்த டைனோசர் புத்தகத்தின் தேதிச் சீட்டில் அவளுக்கு முன்னால் எந்தத் தேதியும் இல்லை.

தேடக் கற்றுக்கொடுப்பது ஒரு நல்ல விளையாட்டு. புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைக் காட்டுங்கள். எங்கள் கிளையில் டூயி எண் முறை. அதில் 398 நாட்டுப்புறக் கதை, 523 விண்மீன்களும் கோள்களும், 598 பறவைகள், 796 விளையாட்டு. டைனோசர் 567இல் இருக்கும். ஒரு எண்ணைச் சொல்லி, போய்க் கண்டுபிடி என்று அனுப்புவேன். வரிசை கலைந்திருந்தால் சரிசெய்துவிட்டு வருவாள். நூலகர் அம்மாவுக்கு அதில் ஏக சந்தோஷம். நாவல், சிறுகதை, கவிதை என்று எழுதி ஒட்டித் தனித்தனி ரேக்காக வைத்திருக்கும் நூலகமானால் எண்ணைத் தேட வேண்டியதில்லை. ரேக்கைக் காட்டினால் போதும்.

இனி, இன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இருக்கும் சிக்கலுக்கு வருகிறேன். பிள்ளை தமிழ் பேசுகிறது, ஆனால் தமிழ் படிக்கத் திணறுகிறது. பேத்தியும் ஆங்கில வழிப் பள்ளிதான். தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பத்தியிலேயே மூடிவிடுவாள். எழுத்து தெரியாமல் அல்ல. எழுத்து தெரியும். இரண்டு இடங்களில் முட்டிக்கொள்கிறாள் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில வாரம் ஆயிற்று.

ஒன்று, சொல்லின் நீளம். "பார்த்துக்கொண்டிருந்தான்" என்று ஒரே மூச்சில் அச்சாகியிருந்தால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது ரயில் மாதிரி. கட்டை விரலால் பின்பாதியை மூடிவிட்டுப் "பார்த்து" என்பதை மட்டும் காட்டுங்கள். பிறகு "கொண்டு". பிறகு "இருந்தான்". மூன்றும் அவளுக்குத் தெரிந்த சொற்கள். மூன்றையும் சேர்த்துச் சொல்லச் சொன்னால் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். இப்போது தானே விரலை வைத்து மூடித் திறக்கிறாள்.

இன்னொன்று, புத்தகத் தமிழ். வீட்டில் "வந்தாங்க" என்று கேட்டு வளர்ந்த காதுக்குப் புத்தகத்தில் வரும் "வந்தார்கள்" வேறு ஊர்ப் பேச்சாகக் கேட்கிறது. பிள்ளைக்குக் கதை பிடிக்காமல் இல்லை, அந்தக் குரல் பழக்கமில்லை. இதற்கு நான் செய்வது, முதலில் கதையைப் பேச்சுத் தமிழில் சொல்லிவிடுவது. "ஒரு நரி இருந்துச்சாம், அதுக்கு ஒரே பசியாம்" என்று சமையல்கட்டில் சொல்லி முடித்துவிடுவேன். இரவில் அதே கதையைப் புத்தகத்தில் உள்ளபடி வாசிப்பேன். என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருப்பதால் "நரி ஒன்று இருந்தது, அதற்குப் பசி எடுத்தது" என்பது அவளை மிரட்டாது. ஆறு மாதம் இப்படிச் செய்தோம். பிறகு ஒரு நாள், "நீங்க முன்னாடியே சொல்லாதீங்க அம்மாச்சி, நானே பாத்துக்கிறேன்" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு நிறைவு.

சேர்ந்து வாசிக்கும்போது நான் ஒரு பக்கம், அவள் ஒரு வரி என்று தொடங்கினோம். மெல்ல மெல்ல அவள் பங்கு கூடியது. நடுவில் திருத்தாதீர்கள். ழகரமும் ளகரமும் தடுமாறினால் வரி முடியட்டும், கதை முடியட்டும். அடுத்த நாள் நீங்கள் வாசிக்கும்போது அந்தச் சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள், காது பிடித்துக்கொள்ளும்.

புத்தகம் பிள்ளைக்குச் சரிப்படுமா என்று பார்க்கக் கையிலேயே அளவுகோல் இருக்கிறது. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அதை நீங்கள் வாசித்துக்காட்டும் புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று விரல் மடங்கினால் தனியாக வாசிக்கலாம். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்துக்காக வந்த சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். பெயரே அழகு. எட்டு வயதானாலும் தமிழில் பிள்ளை "நுழை"யில் இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை.

இரவல் புத்தகத்துக்கு வீட்டில் ஓர் இடம் வேண்டும். எங்களுக்கு அதே மஞ்சள் பை, அதே போல ஓர் ஆணி. படித்து முடித்தால் பைக்குள், படுக்கையில் கிடக்கக் கூடாது. திருப்ப வேண்டிய தேதியை நாட்காட்டித் தாளில் அவளே வட்டம் போடுகிறாள்.

அப்படியும் ஏதாவது ஆகும். எனக்கு 9 வயதில் ஐப்பசி மழையில் பை நனைந்து, புத்தகம் ஊறிவிட்டது. அழுதேன். அப்பா திட்டவில்லை, ஆனால் எனக்காகப் பேசவும் இல்லை. "நீ போய்ச் சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். நூலகர் ஐயா புத்தகத்தை வாங்கி, கொஞ்சம் கொஞ்சம் பக்கம் விட்டுப் பழைய பேப்பர் தாளைச் செருகினார். மேசை மேல் நிறுத்திவைத்து ஃபேனைப் போட்டார். "வெயில்ல வெச்சிடாதே, அட்டை வளைஞ்சிடும்" என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தார். தாள் ஈரமானதும் மாற்ற வேண்டும். ஈரம் போன பிறகு மேலே கனமான புத்தகங்களை ஏற்றி இரண்டு மூன்று நாள் விட வேண்டும். அடுத்த ஞாயிறு அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். தாள் அலையலையாக இருந்தது, ஆனால் எழுத்து அழியவில்லை. கிழிந்தாலும் தொலைந்தாலும் பிள்ளையையே சொல்லவிடுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். தொலைந்த புத்தகத்துக்கு என்ன கட்ட வேண்டும் என்பதை நூலகர் சொல்வார், கட்டிவிடலாம். பயத்தால் ஒரு பிள்ளை நூலகத்துக்கே போகாமல் நின்றுவிடுவதுதான் பெரிய நஷ்டம்.

நான் படித்த பள்ளியில் கண்ணாடி அலமாரி நிறையப் புத்தகம் இருந்தது. பூட்டைத் திறந்து நான் பார்த்ததில்லை. கிழித்துவிடுவோம் என்ற பயம் அவர்களுக்கு. அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி, முதுகில் உள்ள தலைப்புகளை மட்டும் படித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உங்கள் பிள்ளையின் பள்ளியில் அலமாரி பூட்டியிருந்தால் ஆசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள். வாரம் ஒரு பாடவேளை திறந்தால்கூடப் போதும்.

நீங்களும் உங்களுக்கென்று ஒரு புத்தகம் எடுங்கள். பிள்ளையைப் படி என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் நடக்காது. இரவு எட்டரை முதல் ஒன்பது வரை எங்கள் வீட்டில் எல்லாப் போனும் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். மருமகன் முதலில் சிரமப்பட்டார். இப்போது அவரும் ஒரு அட்டை வாங்கியிருக்கிறார்.

பக்கத்து நூலகத்தில் சிறுவர் நூலே இல்லை என்றால் சும்மா இருந்துவிடாதீர்கள். வாசகர் வட்டம் இருக்கிறதா என்று கேட்டு அதில் சேருங்கள், கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். 1000 ரூபாய் கொடுத்தால் நூலகத்தின் புரவலராகலாம். பேத்தியின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கும் காசில் நாங்கள் அதைச் செய்தோம். கோடை விடுமுறையில் பெரிய நூலகம் ஒன்றைக் காட்டுங்கள். சென்னைக்குப் போனால் கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே பெரிய பகுதி இருக்கிறது. எழும்பூரில் 1896 முதல் இருக்கும் கன்னிமாரா நூலகத்தையும் பார்க்கலாம். மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. பெரியதைப் பார்த்த மலைப்பில் பிள்ளை நம் சின்னக் கிளையை மறந்துவிடுமோ என்று நினைத்தேன். "அங்க எல்லாம் இருக்கு, ஆனா யாருக்கும் என் பேர் தெரியல" என்றாள்.

கடைசியாக, எப்போது தனியாக விடுவது? அதற்கு வயது கணக்கு சொல்ல முடியாது. தெருவும் போக்குவரத்தும் பார்த்துத்தான். எனக்கு 11 வயதில் ஒரு ஞாயிறு அப்பா நூலக வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஸ்டாண்ட் போடாமல், ஒரு காலை ஊன்றியபடி நின்றார். பையை என்னிடம் கொடுத்து, "போய்ட்டு வா, நான் இங்கயே இருக்கேன்" என்றார். உள்ளே போனேன். நூலகர் ஐயா என் தலைக்கு மேலே வாசலைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஏட்டைத் திறந்தார். அன்றைக்கு நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று தெரியாது. வெளியே வந்தபோது அப்பா வேப்பமர நிழலுக்கு நகர்ந்திருந்தார். கையில் கடலைப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.